தண்ணீர்ப் பந்தலும் தலைவர் தொண்டையும்

கம்பம் கடைவீதியில் வினோத்ராஜின் பாத்திரக் கடைக்கு வழி கேட்டால், அந்த வருஷம் புரட்டாசியில், எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "அந்தா தெரியுதுல்ல தண்ணிப் பந்தல், அதுக்குப் பின்னால ஒரு கடை மாதிரி இருக்கும். அதான்." அப்பா காலத்திலிருந்து நடக்கிற கடை, கடை மாதிரி ஆகிவிட்டது.

பந்தலைப் போட்டது கம்பம் பள்ளத்தாக்கு வணிகர் மாண்பு காக்கும் சங்கம். கோடையில் தாகத்தோடு வருகிற மக்களுக்குத் தண்ணீர் கொடுப்பது என்று பங்குனியிலேயே முடிவெடுத்துவிட்டார்கள். ஆனால் மண்பானை உபயம் செய்தவர் மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார். சங்கத்தில் ஒரு மரபு உண்டு. சால்வை வாங்குகிறவர் ஏற்புரை பேசாமல் எந்த விழாவும் நடக்காது. ஆகவே அவர் பேரப்பிள்ளையைப் பார்த்து, பெயர் வைத்து, நிதானமாகத் திரும்பி வந்து ஏற்புரை பேசுகிற வரைக்கும் கம்பத்து மக்கள் தாகத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சித்திரை முடியப்போகிற சமயத்தில் தலைவர் வைகுண்டராஜ் ரிப்பன் வெட்டினார். தர்பூசணி கொடுத்தார்கள், மோர் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். மறுநாள் பானையில் தண்ணீர் இல்லை. சில நாளில் ஒரு வெள்ளாடு முட்டி, பானையும் இல்லை. டம்ளரைக் கட்டிவைத்த சங்கிலி மட்டும் பந்தக்காலில் தொங்கியது. சங்கத்துச் சொத்து என்பதால் யாரும் அதைத் தொடவில்லை.

கோடை போயிற்று. கேரளத்து மலையிலிருந்து சாரல் இறங்கியது. பிறகு மழையே வந்துவிட்டது. தண்ணீர்ப் பந்தலின் கீற்று வழியாக அப்போதுதான் முதல் தடவையாகத் தண்ணீர் விழுந்தது. குமுளி போகிற ஜீப்புக்குக் காத்திருக்கிற சனம் அதற்குள் ஒதுங்கி, கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மேலே கையெடுத்துக் கும்பிடுகிற தலைவர் படம் போட்ட பேனர், கடையின் பெயர்ப் பலகையை முழுசாக மூடியிருந்தது. பாத்திரம் வாங்க வருகிறவர்கள் எதிர்ச்சாரிக் கடைக்குப் போய்விட்டார்கள். இன்னும் சில வாரத்தில் தீபாவளி. அதை ஒட்டி வரிசையாகக் கல்யாண முகூர்த்தம். வினோத்ராஜ் சீர்வரிசைச் சரக்கு இறக்கி, குத்துவிளக்கும் குடமும் அண்டாவுமாக அடுக்கி வைத்திருந்தான். அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது அவனும் அவன் மனைவி இவாஞ்சலினும்தான். இந்தத் தீபாவளியும் கைவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

பந்தல் போட்ட கருத்தக்கண்ணனிடம் போய்க் கேட்டான்.

"நான் எப்பிடி மொதலாளி பிரிக்கிறது? தொறந்தவகதான் வந்து மூடணும். அதுக்கு நிறைவு விழான்னு ஒண்ணு இருக்காம்ல. எம் மூங்கிலும்தான் அங்கன கெடந்து மக்குது. நான் யார்ட்டப் போய்ச் சொல்ல?"

சங்கச் செயலாளர் சுரேஷ்கண்ணனிடம் போனான். அவர் திராட்சை மண்டி வைத்திருப்பவர்; எந்தக் கேள்விக்கும் எழுந்து நின்று பதில் சொல்கிறவர்.

"வினோத்து, நீ சொல்றது நூத்துக்கு நூறு நியாயம். நிறைவு விழா ஆடி மாசமே வச்சிருக்கணும். ஆனா தலைவருக்குத் தொண்டை கட்டிக்கிருச்சு. தலைவர் பேசாம ஒரு விழா நடத்தச் சொல்றியா?"

"அவுக பேச வேணாம்ணே. சும்மா வந்து நின்னாப் போதும். நான் பிரிச்சுக்கிறேன்."

சுரேஷ்கண்ணன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "சும்மா வந்து நிக்கிறதா? தலைவரா? இத நான் கேட்டதாவே வச்சுக்கிறல. நீயும் சொன்னதா வச்சுக்கிறாத."

தலைவரின் தொண்டை கட்டிக்கொண்டது சங்க வரலாற்றில் முக்கியமான சம்பவம். குடும்பச் சுற்றுலா என்று உறுப்பினர்களை வைகை அணைக்கு அழைத்துப் போனபோது, மதகைத் திறந்து தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. மைக் செட் ஏற்றிவந்த வண்டி ஆண்டிபட்டி தாண்டிப் பழுதாகி நின்றுவிட்டது. வேறொருவராக இருந்தால் பிள்ளைகளோடு பூங்காவைச் சுற்றிப் பார்த்திருப்பார். வைகுண்டராஜ் அணையின் இரைச்சலையும் மிஞ்சி 'வணிகமும் ஒழுக்கமும்' என்ற தலைப்பில் பேசினார். மதகை அடைத்த பிறகும் பேசினார். திரும்பி வரும் வழியில் குரல் போயிற்று. இருமல் வந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்து, "பேசாம இருந்தா தானா சரியாயிரும்" என்றார். முதல் பாதியைத் தலைவர் கடைப்பிடிக்கவே இல்லை. வருகிற போகிறவரிடமெல்லாம் தனக்கு ஏன் பேச முடியவில்லை என்பதை விளக்கிப் பேசிக்கொண்டிருந்தார்.

இவாஞ்சலின்தான் வழி சொன்னாள். அவள் சர்ச்சில் பாடகர் குழுவில் பாடுகிறவள். கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் பனியில் தெருத்தெருவாகச் சுற்றுகிற அந்தக் கூட்டத்துக்கு வருஷா வருஷம் தொண்டை கட்டும். வருஷா வருஷம் இவள் வீட்டுக் கஷாயத்தில்தான் திறக்கும்.

"அவுகளுக்குத் தொண்டை தொறந்தாத்தான நமக்குக் கடை தொறக்கும்? நான் காய்ச்சித் தர்றேன். கொண்டு போய்க் குடுங்க."

வாய்க்கால் கரை வேலியில் மண்டிக்கிடந்த ஆடாதொடை இலையைப் பறித்து வந்து, நடு நரம்பை உரித்துப் போட்டு, துண்டு துண்டாகக் கிள்ளினாள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து துளசியும் கற்பூரவல்லியும். முள்ளுக்குப் பயந்து பயந்து தூதுவளை. மிளகையும் திப்பிலியையும் வெறும் சட்டியில் வாசம் வருகிற வரை வறுத்து, சுக்கோடும் அதிமதுரத்தோடும் ஒன்றிரண்டாகத் தட்டினாள். எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டு, தண்ணீர் கால் பங்காக வற்றும்வரை சிறு தீயில் கொதிக்கவிட்டு, வடிகட்டிப் பனங்கற்கண்டு கலந்தாள். குடித்தால் முகம் கோணும். தொண்டை மட்டும் இளகும்.

பிளாஸ்க்கோடு தலைவர் வீட்டுக்குப் போன வினோத்ராஜை வாசலிலேயே மறித்தார் சுரேஷ்கண்ணன்.

"என்னது இது?"

"கஷாயம்ணே. இருமலுக்கு."

"யார் கேட்டு? எந்தத் தீர்மானத்துல? வினோத்து, தலைவர் தொண்டைன்னா அது தனிப்பட்ட ஒரு மனுசன் தொண்டையில்ல. சங்கத்துத் தொண்டை. அதுக்குள்ள எது போகணும், எது போகக் கூடாதுன்னு சங்கந்தான் முடிவு பண்ணணும்."

மறுநாளே அவசரக் கூட்டம் கூட்டி 'தலைவர் தொண்டை நலக் குழு' அமைத்தார்கள். பந்தலைப் பிரிக்க ஐந்து மாதமாகக் கூடாத சங்கம் இதற்கு ஒரே நாளில் கூடியது. சுரேஷ்கண்ணன் குழுவின் ஒருங்கிணைப்பாளர். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஜாஸ்பர் ஒரு உறுப்பினர். வாழைத்தார் ஏற்றி அனுப்புகிற ராஜபாண்டி இன்னொரு உறுப்பினர். சங்கக் கட்டடத்தில் அடுப்பு வைத்து இவாஞ்சலின் கஷாயம் காய்ச்சிக் காட்ட வேண்டும். குழு பார்த்து ஒப்புதல் தரும். பின்சுவரில் பேனர் கட்டியிருந்தார்கள். அதில் தலைவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆடாதொடை இலையை எடுத்ததுமே ராஜபாண்டி கையைத் தூக்கினார். "இது எந்தக் கடையில வாங்குனது?"

"கடையில வாங்கலண்ணே. வாய்க்காக் கரையில சும்மா மொளைச்சுக் கெடக்கும்."

குழு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. "சும்மா கெடக்குறத வணிகர் சங்கத் தலைவருக்குக் குடுக்குறதா?" என்றார் ராஜபாண்டி. "நாளைக்குச் சனம் என்ன பேசும்? வெலை இல்லாத பொருளுக்கு மதிப்பு உண்டா? நாமளே அப்பிடிச் செஞ்சா அப்புறம் எவன் நம்மகிட்டச் சரக்கு வாங்குவான்?"

ஆடாதொடை நீக்கப்பட்டது. அதே காரணத்துக்காகத் துளசி, கற்பூரவல்லி, தூதுவளையும் நீக்கப்பட்டன. அடுத்து ஜாஸ்பர் எழுந்தார்.

"எனக்கு இதுல ஒரு சொந்த லாபமும் கெடையாது. ஆனா போடி ஏலக்காய் இல்லாம ஒரு மருந்தான்னு நாளைக்கு எம் பிள்ளைக கேக்கும். அதுனால ரெண்டு கை போடச் சொல்றேன். நல்ல பருவெட்டா, பெருசா இருக்கணும். எங்கிட்ட இருக்கு."

"அப்ப பன்னீர் திராட்சையும் போடணும்," என்றார் சுரேஷ்கண்ணன். "நான் மண்டி வச்சிருக்கேன்கிறதுக்காகச் சொல்லல. மண்ணுக்கு மரியாதைன்னு சொல்றேன்."

"வாழைப்பழமும் போடுங்க," என்றார் ராஜபாண்டி. "வழவழன்னு இருக்கும்ல. பேச்சு நல்லா வழுக்கிக்கிட்டு வரும்."

இவாஞ்சலின் கரண்டியைக் கீழே வைத்தாள். "அண்ணே, சளிக்கு வாழைப்பழம் ஆகாதுண்ணே. இன்னும் கட்டிக்கிரும்."

"தங்கச்சி, நீ காய்ச்சு. சிந்திக்கிறதுக்குக் குழு இருக்கு."

கடைசியில் சட்டியில் கொதித்தது ஏலக்காய் மணக்கும் வாழைப்பழ, திராட்சைக் கூழ். மிளகு காரமாக இருக்கிறது என்று குறைத்தார்கள். சுக்கை மறந்தே போனார்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு டம்ளர் குடித்தார்கள். அவர்கள் யாருக்கும் இருமல் இல்லாததால் யாருக்கும் இருமல் வரவில்லை. சோதனை வெற்றி என்று அறிவித்து, 'சங்கக் கஷாயம்' என்று பெயர் சூட்டி, ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொண்டார்கள். மூன்று ஏற்புரைகளும் முடிய மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

சங்கக் கஷாயத்தைக் குடித்த தலைவருக்கு இருமல் நெஞ்சு வரைக்கும் இறங்கிற்று. முன்பு கரகரவென்றாவது வந்த குரல் இப்போது சுத்தமாக அடைத்துக்கொண்டது. மருந்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதற்கு அறிகுறி என்றது குழு.

வினோத்ராஜ் கடைக்குத் திரும்பி வந்தான். பந்தலைப் பார்த்தான், அண்டாக்களைப் பார்த்தான். இனிமேல் குழுவை நம்பிப் பிரயோஜனமில்லை என்று முடிவு செய்து, தலைவர் வீட்டுப் பின்வாசல் வழியாகப் போய் அவர் மனைவி பவுனுவைப் பார்த்தான். பவுனு அம்மாள் இருமல் சத்தம் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்தார்.

"மதினி, இந்தப் பிளாஸ்க்குல இருக்குறத அண்ணாச்சிக்குக் காலையிலயும் சாயந்தரமும் சூடாக் குடுங்க. சங்கக் கஷாயம்னு சொல்லியே குடுங்க."

"அந்தப் பாயாசத்த என்ன செய்றது?"

"கன்னுக்குட்டிக்கு ஊத்துங்க."

"அது மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு தம்பி," என்றார் பவுனு அம்மாள்.

தினமும் பிளாஸ்க்கைக் கொண்டுபோனான் வினோத்ராஜ். தினமும் தலைவர், நலம் விசாரிக்க வந்தவன் என்று நினைத்து அவனை எதிரில் உட்கார வைத்து, அவன் முகத்துக்கு நேராக இருமினார். முதலில் சளி இளகியது. பிறகு இருமல் அடங்கியது. பிறகு ஒரு நாள் காலையில் கடைவீதி வரைக்கும் கேட்கிற மாதிரி, "ஏலே! எவன்டா அவன் என் செருப்ப மாத்தி வச்சது?" என்று ஒரு சத்தம் எழுந்தது. தலைவருக்குக் குரல் திரும்பிவிட்டது என்று ஊரே தெரிந்துகொண்டது. தொண்டை நலக் குழுவுக்கு மறுபடியும் சால்வை போர்த்தினார்கள்.

நிறைவு விழாவுக்கு நாள் குறித்தார்கள். வினோத்ராஜ் அன்று காலையிலேயே கடையைக் கழுவிவிட்டு, அண்டாக்களைத் துடைத்து வைத்தான். தொண்டையில் லேசாக முள் குத்துகிற மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் அதை அவன் கவனிக்கவில்லை.

பந்தல் முன்னால் மேடை போட்டிருந்தார்கள். அதனால் அன்றைக்கு எதிர்ச்சாரிக் கடைக்கும் யாரும் போக முடியவில்லை என்பது அவனுக்கு ஒரு சின்ன ஆறுதல். வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து தலைவர் மைக்கைப் பிடித்தார். குரல் கணீரென்று இருந்தது. இவாஞ்சலினின் கைக்கு அப்படியொரு பக்குவம்.

"அன்பார்ந்த வணிகப் பெருமக்களே! இந்தப் பந்தலில் தண்ணீர் இல்லை என்று சிலர் குறை சொன்னார்கள். நான் கேட்கிறேன். தண்ணீர் எங்கேதான் கிடைக்காது? குழாயில் கிடைக்கும், பெரியாற்றில் கிடைக்கும், இதோ வானத்திலிருந்தே விழுகிறது. ஆனால் இப்படி ஒரு பந்தல் எங்கே கிடைக்கும்? சேவை செய்வது பெரிதல்ல. ஓடுகிற பஸ்ஸில் இருப்பவனுக்கும் அது தெரிய வேண்டும். இந்த பேனர் மேகமலையில் நின்று பார்த்தாலும் தெரிகிறது என்று ஒரு நண்பர் சொன்னார். அந்த நண்பருக்கு நான் போனில் நன்றி சொன்னேன். என்னைத் தலைவராக இருக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. இருந்தும் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். இதைவிடத் தியாகம் உண்டா?"

கைதட்டினார்கள். கோடையில் வெட்டிய ரிப்பனின் இரண்டு துண்டையும் பத்திரமாக வைத்திருந்த சுரேஷ்கண்ணன் அவற்றைத் தாம்பாளத்தில் நீட்டினார். தலைவர் முடிச்சுப் போட்டார். தண்ணீர்ப் பந்தல் முறைப்படி மூடப்பட்டது. வினோத்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டத்தில் நின்ற இவாஞ்சலின் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் சொன்னாள்.

"இருங்கள், இருங்கள்," என்றார் தலைவர். "கோடைக்குத் தண்ணீர் கொடுத்த சங்கம், மழைக்கு என்ன கொடுக்கப் போகிறது? இதே இடத்தில், இதே பந்தலில், வருகிற தை முடியும்வரை சங்கக் கஷாயப் பந்தல்! இன்னும் இரண்டு முழம் அகலமாக! இந்த யோசனைக்குக் காரணமான, தன் கடை வாசலையே சங்கத்துக்குத் தானமாகத் தந்த, தம்பி வினோத்ராஜுக்குச் சால்வை அணிவிக்கிறேன். தம்பி ஏற்புரை பேசியதும் பந்தலைத் திறந்துவிடலாம்!"

வினோத்ராஜை மேடைக்குத் தள்ளினார்கள். தோளில் சால்வை விழுந்தது, கையில் மைக் வந்தது. இத்தனை மாதமாக உள்ளே கிடந்த ஆத்திரமெல்லாம் திரண்டு வந்தது. தானமா? எவன் தந்தான்? பிரிங்கய்யா இந்தக் கருமத்தை! வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயற்சி செய்தான். இருமல் வந்தது. தலைவர் எதிரில் உட்கார்ந்து வாங்கியதெல்லாம் அந்த நேரம் பார்த்துத் தொண்டையை அடைத்துக்கொண்டது. கை காலை ஆட்டினான், பந்தலைக் காட்டினான், நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

"தம்பி உணர்ச்சிவசப்பட்டுட்டாப்ல," என்றார் ஜாஸ்பர்.

சுரேஷ்கண்ணன் தலைவர் காதில் ஏதோ சொன்னார். தலைவர் முகம் சுருங்கியது. ஏற்புரை இல்லாமல் திறப்பு விழாவா? சங்கத்தில் அப்படி நடந்ததே இல்லை. பானைக்காரருக்குக் காத்திருந்தவர்கள் பாத்திரக்காரனுக்கும் காத்திருப்பார்கள். "தம்பிக்குக் குரல் வந்ததும் திறப்பு விழா," என்று அறிவித்துவிட்டு, நன்றியுரைக்கு ஆளைக் கூப்பிட்டார்கள்.

வினோத்ராஜ் கடைப்படியில் உட்கார்ந்து அழாத குறையாக இருந்தபோது கருத்தக்கண்ணன் ஆட்களோடும் அரிவாளோடும் வந்தான். வந்தவன் கயிற்றை அறுக்க ஆரம்பித்தான். பேனர் சரிந்தது. பல மாதம் கழித்துக் கடையின் பெயர்ப் பலகை வெளிச்சத்தைப் பார்த்தது.

"என்ன மொதலாளி அப்பிடிப் பாக்குறீக? மூடியாச்சுல்ல? இனி தொறக்குற அன்னைக்குப் போட்டாப் போதும். தேவாரம் ஊருல ஒரு காதுகுத்துக்கு மூங்கில் வேணும்னு கேட்டுருக்காக. செயலாளர்கிட்டச் சொல்லிட்டேன். உங்களுக்குத் தொண்டை சரியானதும் ஒரு வார்த்தை சொல்லுங்க, கொண்டாந்து நட்டுர்றேன்."

வினோத்ராஜ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். விஷயம் மெல்ல மெல்ல உள்ளே இறங்கிற்று. தன் தொண்டையைத் தானே ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டான்.

கடைக்கு மேலே, மாடி வீட்டில் இவாஞ்சலின் கஷாயம் கொதிக்க வைத்திருந்தாள். டம்ளரை நீட்டினாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். "ஏங்க, முகத்தக் கோணாம ஒரே மடக்கா..." என்றவள், அவன் ஜன்னல் வழியாகக் கடை வாசலைச் சுட்டிக் காட்டியதும் நிறுத்தினாள். புரிந்ததும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனை மாதத்துச் சிரிப்போ தெரியாது. பிறகு பிரிட்ஜைத் திறந்து ஐஸ் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தத் தீபாவளிக்கு வியாபாரம் நன்றாகவே நடந்தது. முறுக்குப் பிழிகிற உழக்கு போயிற்று, இட்லிப் பானை போயிற்று, மூன்று கல்யாணச் சீர் மொத்தமாகப் போயிற்று. வினோத்ராஜ் விலையை விரலால் காட்டினான். பேரம் பேச வந்தவர்கள் வாயில்லாத மனுஷனிடம் என்னத்தைப் பேசுவது என்று கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். குரல் எப்போதோ வந்துவிட்டது. அது இவாஞ்சலினுக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.

சுரேஷ்கண்ணன் தினமும் சங்கக் கஷாயத்தைப் பிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். "வினோத்து, தலைவர் கேட்டுக்கிட்டே இருக்காக. இன்னைக்காச்சும் கொஞ்சம் தேவலையா?" வினோத்ராஜ் கும்பிட்டு வாங்கிக்கொண்டு, தொண்டையைத் தொட்டுக் காட்டி, உதட்டைப் பிதுக்கினான். "கவலப்படாத. நம்ம கஷாயம் கைவிடாது. மெதுவாத்தான் கேக்கும், ஆனா கேக்கும்," என்றார் சுரேஷ்கண்ணன். அன்றைக்கும் அப்படிச் சொல்லி, பிளாஸ்க்கைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் இவாஞ்சலின் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "ஏங்க, பவுனு மதினி ஆள் அனுப்பியிருக்காக. தலைவர் போடியில ஒரு கல்யாண வீட்டுல வாழ்த்துரை பேசுனாகளாம். மழையில கரண்டு போயி மைக்கு வேலை செய்யலையாம். இருந்தும் விடலையாம். மறுபடியும் தொண்டை சுத்தமாப் போயிருச்சாம். நம்ம கஷாயம் வேணுமாம். ஆடாதொடை பறிக்க நான் வாய்க்காக் கரைக்குப் போகவா?"

வினோத்ராஜ் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். யாரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான். தீபாவளிக்கு முன்னால் குரல் போனதிலிருந்து கடையில் அவன் பேசிய முதல் வார்த்தை தெளிவாக வந்தது.

"எதுக்கு மழையில அலையிற? இந்தா, இந்தப் பிளாஸ்க்கையே குடுத்துவிடு."